ஊசி குத்திய வான்கோழி

மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் தொடர்மாடிகளில் வளர்ந்து, பத்து வயதிலேயே வீட்டுக்கு வரும் கடதாசிகளை எல்லாம் வாசித்துச் சொன்ன பெண்களுக்கு இதை எழுதுகிறேன். நீங்களும் இப்போது என்னைப் போல முப்பதுகளில் இருப்பீர்கள். வீட்டுக்காரன் கதவில் ஒட்டிய அறிவித்தல், பள்ளிக்கூடத்துக் கடிதம், மருந்துப் போத்தலின் பின்பக்கம், எதுவானாலும் நம்மிடம்தான் வந்தது. நாம் வாசித்தோம், பெரியவர்கள் கேட்டுக்கொண்டார்கள். வாசித்தது அவர்களுக்குப் பிடிக்காத நாளில் அதே பெரியவர்கள் நம்மை வாய்க்காரி என்றார்கள். அப்படி ஒரு நத்தார், ஒரு கிறிஸ்மஸ் நாள், எனக்கு உண்டு. இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆன காலம். நான் அதை மறக்கவில்லை, மறக்க முயலவும் இல்லை.

எங்களுடையது இலங்கையின் மன்னார்க் கரையில் மீன் பிடித்த குடும்பம். அப்பாவும் அவருடைய அண்ணனான பெரியப்பாவும் எழுத்துக் கூட்டத் தெரிந்ததுமே கடலுக்குப் போனவர்கள். அம்மாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்து அதற்கு மேலும் படித்த முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்லும் விதம் எனக்குத் தெரியாது.

மொன்றியலுக்கு முதலில் வந்தவர் பெரியப்பா. பொறுப்பு நின்று எங்களை இந்த நாட்டுக்கு எடுப்பித்தவரும் அவர்தான். எடுப்பித்தவர் என்ற அந்த ஒரு சொல்லுக்குக் கீழேதான் எங்கள் வீடு நடந்தது. அவர் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் வீடு வாங்கியபோது பெட்டி தூக்க அப்பா போனார். குளிர்காலத்தில் அவருடைய வாசலில் பனி வழிக்க அப்பா போனார். ஒவ்வொரு நத்தாருக்கும் சமைக்க அம்மா போனார். பெரியம்மா சமையலறை வாசலில் கதிரை போட்டு இருந்துகொண்டு, உப்புக் கூடிப்போச்சு, புளி காணாது என்று சொல்லிக்கொண்டிருப்பார். விருந்தினர் வந்து உட்கார்ந்ததும் அந்தக் கறிகள் எல்லாம் அவருடைய கறிகளாகிவிடும்.

"உங்கட ஆட்டிறைச்சிக் கறி மாதிரி ஒருத்தரும் வைக்கேலாது" என்று யாராவது சொன்னால், "எல்லாம் கைப்பக்குவம்தான்" என்பார் பெரியம்மா, அம்மாவின் பக்கம் திரும்பாமலே.

பெரியப்பா வேலை செய்த இடத்தில் நத்தாருக்கு ஆளுக்கு ஒரு உறைந்த வான்கோழி கொடுப்பார்கள். முந்தைய வருடங்களில் அம்மா அதைச் சின்னத் துண்டுகளாக வெட்டித் தூள் போட்டுக் கறி வைத்தார். கொஞ்சம் சக்கை, மற்றும்படி கோழிதான். யாருக்கும் ஒன்றும் வரவில்லை. அந்த வருடம் பூசை முடிய எங்கள் தேவாலயத்துப் பாதிரியார், சுவாமி என்போம், சாப்பிட வருவதாக இருந்தது. அதனால் பெரியப்பாவுக்கு வேறு எண்ணம் வந்தது. முழு வான்கோழியைத் தட்டத்தில் வைத்து, தொலைக்காட்சியில் வரும் வெள்ளைக்கார வீட்டுக்காரனைப் போலச் சுவாமிக்கு முன்னால் தன் கையால் வெட்ட வேண்டும்.

எனக்கு அப்போது பதினொரு வயது. புதிதாக வந்த பிள்ளைகளுக்கான வகுப்பைத் தாண்டி, மற்றப் பிள்ளைகளோடு பிரெஞ்சில் படிக்கத் தொடங்கிய முதல் வருடம். விடுமுறைக்கு முன் ஒருநாள் ஆசிரியை பலவிதமான வெப்பமானிகளைக் கொண்டுவந்து மேசையில் பரப்பினார். சுவரில் மாட்டுவது, காய்ச்சல் பார்ப்பது, இறைச்சியில் குத்துவது. இறைச்சியில் குத்துவதுதான் எனக்குப் பிடித்தது. நீளமான ஊசி, அதன் தலையில் கைக்கடிகாரம் போல ஒரு வட்ட முகம். அந்த முகத்தில் இரண்டு வட்டங்கள் இருந்தன. வெளி வட்டத்தில் பெரிய கறுப்பு எண்கள், அவை பாரன்ஹைட். உள் வட்டத்தில் சின்னச் சிவப்பு எண்கள், அவை செல்சியஸ்.

"முழு வான்கோழி என்றால் தொடைக்குள், எலும்பில் படாமல் குத்த வேண்டும். உள் வட்டத்தில் எண்பத்திரண்டு காட்ட வேண்டும். குறைந்தால் கிருமி சாகாது" என்றார் ஆசிரியை. யாருடைய வீட்டில் வான்கோழி என்று கேட்டார். நான் கை தூக்கினேன். என்னைக் கூப்பிட்டு இரண்டு வட்டங்களையும் வாசிக்கச் சொன்னார். பிழையில்லாமல் வாசித்தேன். தன்னிடம் புதிது ஒன்று இருக்கிறது என்று அந்தப் பழையதை எனக்கே தந்துவிட்டார். கண்ணாடியில் ஒரு கீறல், ஊசிக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, உறையில் பேனாவுக்கு இருப்பது போல ஒரு கொழுவி. சட்டைப் பையில் கொழுவிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். எல்லாரும் பார்க்கட்டும் என்று குளிர்ச்சட்டையைப் பூட்டவில்லை.

நத்தாருக்கு முதல்நாளே பெரியப்பா எங்களைக் காரில் ஏற்றிப் போயிருந்தார். வான்கோழியை ஐஸ் அறையிலிருந்து எடுத்துவைக்க மறந்து, அன்று பின்னேரம்தான் எடுத்தார். இவ்வளவு பெரிய பறவை இளகச் சில நாட்கள் வேண்டும் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. காலையில் அம்மா அதன் வயிற்றுக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினார்.

"அத்தான், உள்ளுக்கு இன்னும் ஐஸ் கிடக்கு. துண்டு துண்டா வெட்டிக் கறி வைப்பம். கெதியா வெந்திடும்."

"வெட்டிக் கறி வைக்க இதென்ன மீன்வாடியே?" என்றார் பெரியப்பா. மீன்வாடி என்பது கடற்கரையில் மீனவர் போடும் கொட்டில். அவர் பிறந்ததே அப்படி ஒரு வாடிக்குப் பக்கத்தில்தான்.

"முழுசாத்தான் வைக்கோணும். ஆனா தூளை நல்லாப் பூசு. வெள்ளையா வைச்சா ஆர் தின்னுறது?" என்றார் பெரியம்மா கதிரையிலிருந்து.

அம்மா மிளகாய்த்தூளும் மஞ்சளும் தேசிப்புளியும் குழைத்துப் பூசினார். வான்கோழி செங்கல் நிறமானது. அதைத் தூக்கிப் போறணைக்குள் வைத்தார். அந்தப் பெரிய மின்னடுப்பை அம்மா ஊரில் பாண், அதாவது ரொட்டி, சுடும் போறணையின் பெயரால்தான் சொல்வார். பெரியப்பா குமிழைப் பிடித்துத் திருகி, சூட்டை ஏற்றக்கூடிய மட்டும் ஏற்றினார்.

"ஐஸ் கிடந்தா என்ன, சூட்டைக் கூட்டினாச் சரி."

எல்லாரும் பூசைக்குப் போனார்கள். அம்மாவும் நானும் அடுப்போடு நின்றோம். அம்மா சூட்டைக் குறைத்தார், ஆனால் தூள் அதற்குள் கறுக்கத் தொடங்கிவிட்டது. தோலைப் பார்த்தால் இறைச்சி வெந்து எரிகிற மாதிரி இருந்தது. நான் உறையைக் கழற்றி ஊசியைத் தொடைக்குள் குத்தினேன். முள் அசையவே யோசித்தது. அம்மா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தபடி, "என்ன சொல்லுது?" என்று கேட்டார். "இல்லையாம்" என்றேன். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கேட்டார். மறுபடியும் இல்லையாம். அந்தக் காலை எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அடுப்பின் வெளிச்சம், யன்னலில் ஒழுகிய ஆவி, நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நின்ற அம்மா.

பூசை முடிந்து கார்கள் வந்தன. சுவாமி வரவேற்பறையில் இருந்தார். கோயில் ஆட்கள் சிலரும் வந்திருந்தார்கள். பெரியப்பா கழுத்துப்பட்டியோடு சமையலறைக்குள் வந்தார்.

"இன்னும் எடுக்கேல்லையோ? கருகுற மணம் றோட்டு மட்டும் வருது."

"பிள்ளை பாத்தவள் அத்தான். உள்ளுக்கு வேகேல்லையாம்."

அவர் குனிந்து பார்த்தார். "இதென்ன ஊசி? வான்கோழிக்கு வருத்தமோ, மருந்து ஏத்துறியளோ?"

பெரியம்மா சிரித்தார்.

"அது வெப்பமானி, பெரியப்பா. எண்பத்திரண்டு காட்டினாத்தான் வெந்தது எண்டு ரீச்சர் சொன்னவ."

"எண்பத்திரண்டோ? இஞ்ச பார், நூற்றிநாற்பது காட்டுது. எண்பத்திரண்டை எப்பவோ தாண்டீட்டுது. தாயும் மகளுமா வைச்சுக் கரியாக்கிறியள்."

"அது வெளி வட்டம். நீங்கள் உள் வட்டத்தைப் பாக்கோணும். அதில அறுபதுதான்."

"ஒரு கோழிக்கு ரெண்டு சூடோ?" என்று அவர் பெரியம்மாவைப் பார்த்துச் சொன்னார். பிறகு என்னிடம் திரும்பினார். "நூற்றிநாலு காய்ச்சல் வந்தா மனிசனே செத்துப்போவான். நூற்றிநாற்பதில ஒரு கோழி வேகாதோ? படிச்சனீதானே, சொல்லு பாப்பம்."

இந்தக் கணக்கை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யார் போடுவார்கள்? இந்த நாட்டில் வெளியில் அடிக்கும் குளிர் செல்சியஸில் வரும். அடுப்புக் குமிழ் பாரன்ஹைட்டில் இருக்கும். பள்ளிக்கூடம் சொல்வது செல்சியஸ். ஊரிலிருந்து நாம் கொண்டுவந்த காய்ச்சல் பாரன்ஹைட். நம் வீடுகளில் இவை எல்லாம் ஒரே எண்ணாக உருண்டு கிடந்தன. பெரியப்பாவுக்குத் தெரிந்த ஒரே சூடு காய்ச்சல். அதனால் அவர் வான்கோழிக்கும் காய்ச்சல்தான் பார்த்தார். தெரியாதது குற்றமில்லை. பக்கத்தில் தெரிந்த ஒருத்தி நின்று சொல்லும்போது கேட்காமல் விட்டதை நான் குற்றம் என்றுதான் சொல்வேன்.

பெரியப்பாவின் மகன் குளிர்ப்பெட்டியில் சாய்ந்துகொண்டு நின்றான். என்னைவிட நான்கு வயது மூத்தவன். நேரில் அண்ணா என்று கூப்பிட்டேன், இங்கே அப்படி எழுத மாட்டேன். அவன் எட்டி வெப்பமானியைப் பார்த்தான். பிறகு, பெற்றோருக்கு விளங்கக்கூடாது என்று பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னான்: "நீ சொல்வதுதான் சரி. உள் வட்டம்தான். ஆனால் விடு."

"தமிழில சொல்லுங்கோ" என்றேன்.

அவன் தோளைக் குலுக்கிவிட்டு வெளியே போனான்.

அம்மா போறணைக் கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அந்த வீட்டில் அவர் ஒரு சொல் எதிர்த்துச் சொன்னதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "அத்தான், கொஞ்சம் பொறுங்கோ. சுவாமிக்கு முதல் சோறும் கறியும் குடுப்பம். என்ர பிள்ளை வாசிச்சுத்தான் சொல்லுறாள்."

"உன்ர பிள்ளை வாசிச்சது காணும். தள்ளு."

அவரே கதவைத் திறந்து வான்கோழியை வெளியே எடுத்தார். ஊசியை உருவிப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் எறிந்தார். கறி அகப்பைகளுக்கு நடுவில் அது விழுந்த சத்தம் எனக்கு இப்போதும் கேட்கும்.

சுவாமி செபம் சொன்னார். வெள்ளை மேசைவிரிப்பு, புதுத் தட்டங்கள். பெரியப்பா நெஞ்சுப் பக்கத்தில் மெல்லியதாகச் சீவி முதல் துண்டைச் சுவாமிக்கு வைத்தார். ஓரத்து இறைச்சி, அது வெந்திருந்தது. பிறகு வான்கோழியின் காலைப் பிடித்தார். கால் வரவில்லை. திருகினார். மூட்டு விட்டுக்கொடுத்தபோது சிவப்பாய் ஒரு நீர் ஓடி, தட்டத்தை நிறைத்து, மேசைவிரிப்பில் இறங்கியது.

"மிளகாய்த் தண்ணி" என்றார் பெரியம்மா உடனே. "தூள் உள்ளுக்கு நல்லா ஊறியிருக்கு."

எல்லாரும் தலையாட்டினார்கள். வேறு எந்த இனத்தவரின் மேசையிலும் அந்தச் சிவப்பு தன்னைத் தானே காட்டிக்கொடுத்திருக்கும். எங்கள் மேசையில் சிவப்பு என்றால் உறைப்பு.

நான் அப்பாவின் கதிரைக்குப் பின்னால் நின்றேன். "அது மிளகாய் இல்லை, சுவாமி" என்றேன். "பச்சை இறைச்சி. சாப்பிடாதேங்கோ."

அப்பா எழும்பி எனக்கு அடித்தார். கன்னத்தில், எல்லாருக்கும் முன்னால். "அண்ணைக்கு முன்னால வாய் காட்டுறியோ?" என்றார். சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, பெரியப்பாவைப் பார்த்தார். அடி எனக்கு, கணக்கு அவருக்கு.

"சின்னப்பிள்ளை, விடுங்கோ" என்று சொல்லிவிட்டுச் சுவாமி தன் சோற்றைப் பிசைந்தார்.

அம்மா இடுப்பில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் கதிரையில் போட்டார். என் குளிர்ச்சட்டையை எடுத்துவந்து மாட்டிவிட்டார். வாசலில் நின்று பெரியம்மாவிடம், "அக்கா, நாங்கள் போறம்" என்றார்.

போறம் என்றார். உங்களுக்கு விளங்கும். பகையாளி வீட்டை விட்டு வந்தாலும் நம்மவர்கள் வாசலில் 'வாறம்' என்றுதான் சொல்வார்கள். அந்த ஒரு எழுத்து மாறியதைக் கேட்டு மேசையில் எல்லாரும் நிமிர்ந்தார்கள். அப்பாவும் நிமிர்ந்தார். ஆனால் எழும்பவில்லை. அவருடைய தட்டில் அதற்குள் தொடை இறைச்சி வந்திருந்தது. அண்ணன் வைத்தது என்பதால் அவர் அதைச் சாப்பிட்டார்.

நத்தார் நாளில் அந்தப் பக்கத்துப் பஸ் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பனி விழவில்லை, காற்று மட்டும் அடித்தது. அடிபட்ட கன்னம்தான் சூடாக இருந்தது. பஸ் ஏறிப் பாதி வழியில்தான் வெப்பமானி தொட்டிக்குள் கிடப்பது நினைவு வந்தது.

"திரும்பிப் போகேலாது" என்றார் அம்மா. பிறகு, "எண்பத்திரண்டு எண்டா எவ்வளவு சூடு?" என்று கேட்டார்.

"தண்ணி கொதிக்கிறது நூறில. அதுக்குக் கொஞ்சம் கீழ."

"அறுபது?"

"எங்கட குழாயில வாற சுடுதண்ணி மாதிரி."

அம்மா யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். "குழாய்த் தண்ணியில கோழி கழுவலாம்" என்றார். "அவிக்கேலாது."

அவ்வளவுதான். தன் பெயருக்கு மேல் எழுதத் தெரியாத ஒருவருக்கு ஒரு பஸ் பயணத்துக்குள் விளங்கிவிட்டது. கேட்டார், அதனால் விளங்கியது. வீட்டுக்கு வந்து முட்டை பொரித்துப் பாணோடு சாப்பிட்டோம். அம்மாவின் விரல்களில் மிளகாய்த்தூள் மணத்தது.

மறுநாள் அப்பா வந்தார். முகம் சாம்பலாக இருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குள் போனவர் அங்கேயே கிடந்தார். அம்மா அரிசிக்கஞ்சி காய்ச்சினார், வாளி கழுவினார். அன்று பின்னேரம் பெரியம்மாவை ஆஸ்பத்திரியில் மறித்து வைத்துச் சேலைன் ஏற்றுவதாகச் சேதி வந்தது. பெரியப்பாவுக்கும் காய்ச்சல். எத்தனை என்று நான் கேட்கவில்லை, கேட்க விரும்பினேன். வந்திருந்த கோயில் ஆட்கள் சிலரும் படுத்துவிட்டார்கள். சுவாமிக்கு ஒன்றுமில்லை.

ஆஸ்பத்திரியில் பிரெஞ்சில் சொன்னது பெரியப்பாவின் மகனுக்குத்தான் விளங்கியது. வேகாத இறைச்சி என்று சொல்லாமல் அவர்கள் வேறு என்ன சொல்லியிருப்பார்கள்? அவன் பெற்றோருக்குச் சொன்னது இவ்வளவுதான்: "சாப்பாட்டில ஏதோ."

ஏதோ என்ற சொல்லுக்குள் எதையும் போடலாம். பெரியம்மா போட்டார். சுகமாகி வீடு வந்ததும் ஒவ்வொரு வீடாகத் தொலைபேசி எடுத்தார்.

"தாயும் மகளும் ஏன் ஒரு வாய் வைக்காமப் போனவை? சொல்லுங்கோ பாப்பம். நத்தார் நாளில வாசலில நிண்டு போறம் எண்டவள். அந்தப் பெட்டை ஊசியால குத்திக் குத்தி என்னத்தை உள்ளுக்கு விட்டாளோ."

நாங்கள் சாப்பிடாததே எங்களுக்கு எதிரான சாட்சியானது. பெரியப்பாவின் மகனும் இறைச்சியைத் தொடவில்லை. சோறும் கிழங்கும் மட்டும் தின்றான், அவனுக்கும் ஒன்றும் வரவில்லை. அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

கோயில் மண்டபத்தில் பெரியம்மா சொன்ன பகிடி எல்லாருக்கும் பாடமாகிவிட்டது. "ஊசி குத்தின இறைச்சி ஊசிப்போகாம என்ன செய்யும்?" நல்ல பகிடி. தமிழில் மட்டும்தான் அப்படி ஒன்று சொல்ல முடியும். மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் எனக்குக் கையை நீட்டி, "ஊசிக்காரி, எனக்கும் ஒண்டு போடன்" என்றார்கள். உங்களில் சிலரும் அந்த வகுப்பில் இருந்தீர்கள். யார் யார் நீட்டினீர்கள் என்று எனக்குத் தெரியும்.

அப்பாவுக்கு வயிறு ஆறியதும் பயம் பிடித்தது. அண்ணை நினைத்தால் எங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்று அவர் நம்பினார். எங்கள் கடதாசி வேலை எல்லாம் அதற்கு முன்பே முடிந்திருந்தது. பெரியப்பா ஒரு விரலும் அசைத்திருக்க முடியாது. அதைப் பின்னாளில் நானே அந்தக் கடதாசிகளை எடுத்து வாசித்தபோதுதான் அறிந்தேன். அப்போது அதை வாசிக்க யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

"ஒரு சொல் சொல்லிவிடு. உனக்கென்ன குறைஞ்சு போகும்?" என்று அப்பா அம்மாவிடம் நாள் முழுக்கக் கேட்டார். கடைசியில் அம்மா சமையலறைத் தொலைபேசியை எடுத்தார்.

"ஓம் அக்கா. ஓம். என்ர கைதான் பிழைச்சுப்போச்சு."

கேட்டுக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, வைத்துவிட்டுச் சொன்னார்: "நீ வாசிச்சது சரிதான். அதை நான் ஆருக்கும் மாத்திச் சொல்லேல்லை. என்ர கையைத்தான் சொன்னனான்."

அதற்குப் பிறகும் பல நத்தார்களுக்கு அம்மா அங்கே சமைக்கப் போனார். நான் போகவில்லை. என் வெப்பமானியைப் பெரியம்மா குப்பையில் போட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

இப்போது அஹுன்ட்சிக்கில் எனக்கு வீடு உண்டு, சொந்தப் போறணை உண்டு. அம்மாவும் அப்பாவும் என்னோடு. நத்தாருக்கு நான் முழு வான்கோழி வைக்கிறேன். நாட்கணக்காகக் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் இளகவிட்டு, தூள் பூசி, நடுத்தர வெப்பத்தில். அம்மா சமையலறை வாசலில் கதிரை போட்டு இருந்து உப்புச் சொல்வார். இலக்கத்தில் பளிச்சென்று காட்டும் வெப்பமானிகள் வந்துவிட்டன. நான் தேடி வாங்கியது இரண்டு வட்டம் உள்ளதைத்தான். தொடைக்குள் குத்திவிட்டு அப்பாவைக் கூப்பிடுவேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, "உள் வட்டம், எண்பத்திரண்டு" என்று வாசிப்பார். "இன்னொருக்கா வாசியுங்கோ, அப்பா" என்பேன். வாசிப்பார். ஒவ்வொரு வருடமும் இரண்டு தரம். ஏன் என்று அவர் கேட்டதில்லை.

பெரியம்மா இப்போது இல்லை. மகன் வேறு நகரத்துக்குப் போய்விட்டான். இந்த வருடம் மார்கழி பிறந்ததும் அப்பா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணை தனிய இருக்கிறார். நத்தாருக்குக் கூப்பிடுவமோ?"

"கூப்பிடுங்கோ" என்றேன். அப்பாவின் முகம் மலர்ந்தது. நான் முடிக்கவில்லை. "முதல் அடுப்படிக்கு வரட்டும். ஊசியை நான் குத்துறன், வட்டத்தை அவர் வாசிக்கட்டும். உள் வட்டம். வந்திருக்கிற எல்லாருக்கும் கேக்கோணும். பேந்து சாப்பாடு."

அப்பா தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா மத்தியஸ்தம் செய்வார் என்று நினைத்திருப்பார். அம்மா கதிரையில் இருந்தபடியே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை.

"கண்ணாடியை மறக்காமக் கொண்டு வரச் சொல்லுங்கோ" என்றார்.